பீஸ் கட்டைக் கோடு இல்லாத பிஸ்கட்

மகனுக்கு,

கிறிஸ்மஸுக்கு வர முடியாது, கல்யாணத்துக்கு லீவு சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து போனில் சொன்னாய். "சரிப்பா" என்றேன். "சாப்ட்டியாம்மா" என்று கேட்டாய். "ஆச்சு" என்றேன். அதோடு முடிந்தது. உண்மையில் அன்றைக்கு நான் சாப்பிட்டிருக்கவில்லை. ஒரு ஆளுக்காக அடுப்பு மூட்டுவது சில நாட்களில் வீண் வேலையாகத் தோன்றுகிறது. லீவு கிடைப்பது கஷ்டம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நீ வராததற்கு அது மட்டும் காரணம் இல்லை என்பது உனக்கும் தெரியும். போன கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் இந்தச் சமையலறையில் நின்று நீயும் நானும் நாலு வாக்கியம் பேசினோம். அதற்குப் பிறகு ஒரு வருடமாக நாம் பேசியதெல்லாம் சாப்பாடு, மழை, கரண்ட் பில். பிப்ரவரியில் உனக்கும் நித்யாவுக்கும் கல்யாணம். இப்படியே விட்டால் உன் கல்யாணத்தில் நான் நன்றாக உடுத்திக்கொண்டு வந்த ஒரு விருந்தாளியாகத்தான் நிற்பேன். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன். இந்த மாதம் எனக்குத் தெரியவந்த இரண்டு விஷயங்களை உன்னிடம் சொல்ல வேண்டும். போனில் சொல்ல எனக்கு வராது.

உன் அப்பா கல்லூரியில் படித்தபோது இரண்டு வருடம் சாயங்காலங்களில் பாண்டிச்சேரியில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தார். அங்கிருந்து அவர் கொண்டுவந்தது அந்த வெண்ணெய் பிஸ்கட். கடைவீதியில் எலெக்ட்ரிக்கல் கடை போட்டு, என்னைக் கல்யாணம் செய்துகொண்டு, இந்தத் தெருவுக்குக் குடிவந்த முதல் டிசம்பரிலேயே அவர் தெருவுக்கெல்லாம் பிஸ்கட் சுட ஆரம்பித்துவிட்டார். நம் வீட்டில் அப்போது அடுப்புப் பெட்டி கிடையாது. மாவைத் தட்டுகளில் அடுக்கி, ஈரத்துணி போட்டு மூடி, சைக்கிளில் கடைவீதி பேக்கரிக்கு எடுத்துப் போவார். அவர்களுடைய ரொட்டி வெந்து முடிந்த பிறகு மிச்ச சூட்டில் நம்முடையது வேகும். கிறிஸ்தவர் வீடு இந்தத் தெருவில் நம்முடையது ஒன்றுதான். ஆனாலும் இருபது வீட்டுக்கும் போகும், ஒரு வீடு விடாமல். வருடம் முழுக்கச் சேர்த்து வைத்த பால் பவுடர் டப்பாக்கள்தான் பாத்திரம்.

கோடு போடுவது உன் வேலை. ஐந்து வயதில் நீயாகக் கண்டுபிடித்தது அது. அப்பாவின் கடைப் பையிலிருந்து ஃப்யூஸ் கம்பி மாட்டுகிற ஒரு வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டையை எடுத்து, விரல் பிடிப்பதற்காக வரிவரியாக இருக்கும் பக்கத்தை மாவின்மேல் அமுக்கினாய். ஒவ்வொரு பிஸ்கட்டிலும் நாலு கோடு. அப்பா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் அதுவே நம் வீட்டு அடையாளமாகிவிட்டது. தெருப் பிள்ளைகள் அதற்கு பீஸ் கட்டை பிஸ்கட் என்று பேர் வைத்தார்கள். உனக்கு அந்த வயதில் இன்னொரு குழப்பமும் இருந்தது. நான் வேலை பார்க்கும் பீங்கான் தொழிற்சாலையில், சூளையில் ஒரு தடவை மட்டும் வெந்து, இன்னும் மெருகு பூசாத சாமானுக்கும் பிஸ்கட் என்றுதான் பெயர். உன் அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று ஸ்கூலில் கேட்டதற்கு, "பிஸ்கட் சரியா வெந்துதான்னு பாக்குறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாய். வகுப்பே உன்னிடம் பிஸ்கட் கேட்டது. மறுநாள் நீ ஒரு உடைந்த கப்பைப் பைக்குள் வைத்து எடுத்துப் போனாய்.

அப்பா பிசைவார். நீ கோடு போடுவாய். நான் எண்ணி டப்பாவில் அடுக்குவேன். இருபத்து நாலாம் தேதி நீங்கள் இரண்டு பேரும் டப்பாக்களோடு கிளம்புவீர்கள். நான் வீட்டில் இருப்பேன். எனக்கு அப்பாவின் கோயிலிலும் நம்பிக்கை இல்லை, எங்கள் அம்மா வீட்டுக் கோயிலிலும் நம்பிக்கை இல்லை. அதை அவர் கல்யாணத்துக்கு முன்பே ஏற்றுக்கொண்டார். ஆனால் டப்பா கொடுக்கப் போவதற்கு நம்பிக்கை எதுவும் தேவையில்லை. எனக்கு ஒரு வாசலில் போய் நின்று, என்ன சொல்வது என்று தெரியாமல் சிரிப்பது பிடிக்காது, அவ்வளவுதான். "ஒரு தடவ நீயும் வாயேன்" என்று அப்பா வருடா வருடம் கேட்பார். "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு இங்க வேலை கெடக்குது" என்பேன். என்ன வேலை? மாவு சிந்திய மேசையைத் துடைப்பேன். அது பத்து நிமிட வேலை. பிறகு நீங்கள் திரும்பி வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உங்கள் சத்தம் கேட்கும். ஏதோ ஒரு வருடம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அது எந்த வருடம் என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நினைவு வரவில்லை. அவர் கேட்காமல் போனதைக்கூட நான் கவனிக்கவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்.

இப்போது நான் உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். அப்பா இறந்த வருடம் டிசம்பரில் வீட்டில் எந்தப் பண்டிகையும் இல்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அந்த மாதம் அலமாரியைத் துடைக்கும்போது அவர் மாவு அளக்கும் கப் என் கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. மெருகு பூசாத அந்தச் செம்பழுப்புக் கப். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொழிற்சாலையிலிருந்து கொண்டு வந்து கொடுத்தது. அவ்வளவு வருடமும் அதில்தான் அளந்தார். எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் ஏற்படவில்லை, ஏனென்றால் அதே அச்சு இன்னும் எங்களிடம் ஓடிக்கொண்டிருந்தது. அடிப்பக்கத்து எண்ணைச் சரிபார்த்து, அதே அச்சில் வார்த்த ஒரு நல்ல கப்பை, வெள்ளையாக மெருகு போட்டு முடித்ததை, கொண்டு வந்து அதே இடத்தில் வைத்தேன்.

போன வருடம் நவம்பரில், நீ வருவதற்கு முன், நான் தனியாகச் செய்து பார்த்தேன். அளவு எனக்கு மனப்பாடம். பிசையும்போது அவர் உரக்கச் சொல்லிக்கொண்டே செய்வார்: பதினாலு கப் மைதா, ஆறு கப் பொடித்த சர்க்கரை, அரைக் கிலோ வெண்ணெய் இரண்டு, முட்டை நாலு. அதில் கால்வாசி அளவுக்குச் செய்தேன். மாவு கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. பின்னால் வாங்கிய அடுப்புப் பெட்டியில் வைத்ததும் ஒவ்வொரு பிஸ்கட்டும் உருகிப் பரந்து பக்கத்துப் பிஸ்கட்டோடு சேர்ந்து, தட்டு முழுக்க ஒரே அடையாக வந்தது. நீ போட்டது போலவே கோடு போட்டிருந்தேன். ஒரு கோடும் மிஞ்சவில்லை. மறுவாரம் திரும்பச் செய்தேன். அதற்கடுத்த வாரமும். மூன்று தடவையும் அதே அடை. மூன்று தடவையும் அதைப் பையில் போட்டு எடுத்துப் போய், தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் உடைசல் குவியலில் கொட்டினேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கடைவீதி பேக்கரியிலேயே கேட்டிருக்கலாம். உன்னிடம் கேட்டிருக்கலாம், இருபது வருடம் பக்கத்தில் நின்றவன் நீ. வேதியியல் படித்தவள், சூளைக்குள் மண் என்ன ஆகும் என்று பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுப்பவள், நாலே நாலு பொருளை வைத்து ஒரு பிஸ்கட் செய்ய வரவில்லை என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைவிட மோசமானது ஒன்று உண்டு. அப்பா வேண்டுமென்றே ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அளவை எல்லாம் உரக்கச் சொல்லிவிட்டு, ஏதோ ஒரு பிடியை மட்டும் தன் கையோடு வைத்துக்கொண்டார் என்று. செத்துப்போன மனிதர்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். கடையில் பிஸ்கட் வாங்கி டப்பாக்களில் அடுக்கி வைத்தேன். இருபத்து நாலாம் தேதி காலையில் நீ பையோடு வந்து நின்று, "எனக்காக வச்சிருக்கக் கூடாதாம்மா?" என்றாய். முன்னாடியே முடித்துவிட்டேன் என்றேன். நீ டப்பாக்களை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாய். மத்தியானம் திரும்பி வந்து காலிப் பையை மேசைமேல் வைத்தாய்.

"வாங்குனதுன்னு சொல்லியே குடுத்திருக்கலாம்லம்மா. யாரு என்னா சொல்லப் போறாங்க?"

"உங்கப்பா செத்துட்டாரு. இந்த வூட்ல அத ஒத்துக்கிட்டவ நான் ஒருத்திதான்."

"ஒத்துக்கிட்டவ எதுக்கு அவரு டப்பாவுல கட பிஸ்கட்ட போட்டு மூடுற?"

அதற்கு நான் சொன்னதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கடிதமே பொய். "அவ்ளோ அக்கறைன்னா ஓசூர்ல இருந்துகிட்டே செஞ்சி அனுப்பு" என்றேன். மறுநாள் பூசைக்குத் தனியாகப் போய்வந்தாய். இருபத்தாறாம் தேதி காலை வேப்பூர் வழி சேலம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாய். நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருக்கலாம். வரவில்லை.

இனி நான் சொல்ல வந்த முதல் விஷயம். இந்த நவம்பரில் ஒரு நாள் தொழிற்சாலையில் டீ வந்தது. செல்வியை உனக்குத் தெரியாது. பக்கத்து மங்களூர் கிராமத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிற பெண், கப்புகளைத் தரம் பிரிக்கும் மேசையில் என்னோடு இருக்கிறாள். எல்லோரும் மெருகு போட்டு முடிந்த கப்பில் டீ வாங்க, அவள் மட்டும் மெருகு பூசாத பிஸ்கட் கப் ஒன்றை நீட்டினாள். அது டீயை உறிஞ்சிவிடுமே, ஏன் அதில் வாங்குகிறாய் என்று கேட்டேன்.

"இதுல கூட வருது மேடம். கப்பு ஒரு மடக்கு குடிச்சிட்டாலும் நமக்கு ஒரு மடக்கு மிச்சந்தான்."

"ரெண்டும் ஒரே அச்சு செல்வி."

"அச்சு ஒண்ணுதான். அது ரெண்டு தடவ சூளைக்குள்ள போயிட்டு வந்துருக்குதே, சுருங்காம என்னா பண்ணும்? நீங்க தான மேடம் சொல்லிக் குடுத்தீங்க?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். முதல் சூளையில் மண் கொஞ்சம்தான் சுருங்கும். இரண்டாவது சூளையின் சூட்டில்தான் அது தன்னை இறுக்கிக்கொண்டு நன்றாகச் சின்னதாகும். அந்தச் சுருக்கத்துக்குத் தக்கபடி அச்சை எவ்வளவு பெரிதாக வெட்ட வேண்டும் என்று கணக்குப் போடுவது இருபத்தோரு வருடமாக என் வேலை. அன்று சாயங்காலம் ஒரு பிஸ்கட் கப்பை வீட்டுக்குக் கொண்டு வந்து, அதில் தலைதட்டி அரிசி நிரப்பி, அதை நான் வாங்கி வைத்திருந்த வெள்ளைக் கப்பில் கொட்டினேன். கால்பங்குக்கு மேல் மேசையில் வழிந்தது. வெண்ணெயும் முட்டையும் அப்படியே இருக்க, ஒவ்வொரு கப்பிலும் நான் மாவைக் குறைத்துப் போட்டிருந்தேன். அப்பா எதையும் மறைக்கவில்லை. ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். சிந்திய அரிசியைக் கூட்டி அள்ளும்போது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்க யாரும் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. இருந்தாலும் வாய்விட்டுத்தான் கேட்டேன்.

டிசம்பர் முதல் ஞாயிறு, அந்த பிஸ்கட் கப்பில் அளந்து ஒரு தட்டு மட்டும் செய்தேன். பரவவில்லை. கோடு நின்றது. ஒன்றைத் தின்று பார்த்தேன், அதேதான். "வந்துடுச்சு" என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இரண்டாவதையும் தின்றேன். பிறகு, நீ நம்பமாட்டாய், மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுச் சாந்தியின் வாசலில் போய் நானே நின்றேன். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். ஏதோ கெட்ட சேதி என்று நினைத்து, தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள். இத்தனை வருடத்தில் நான் அந்தப் படியேறியது அதுதான் முதல் தடவை. டப்பாவைக் கையில் கொடுத்து, போன வருடம் கொடுத்தது நாங்கள் செய்தது இல்லை, கடையில் வாங்கியது என்று சொன்னேன். வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

"தெரியும்க்கா" என்றாள் அவள். "தெருவுக்கே தெரியும். கோடு இல்லியே. தம்பியத்தான் கேட்டேன், என்னாப்பா, பீஸ் கட்டை எங்கன்னு. பீஸ் போயிடுச்சு ஆண்டி, அம்மா ஒண்டியா இருட்டுல செஞ்சாங்க, கோடு போட முடியலன்னுச்சு. சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுச்சு. மூஞ்சி சிரிக்கல. அதோட நான் ஒண்ணும் கேட்டுக்கல. கேட்டா நீங்க குடுக்கறதையே வுட்டுடுவீங்கன்னு இருந்துது."

இது இரண்டாவது விஷயம். நீ சாந்தியிடம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்கே நான் இன்னும் நாலு வீட்டுக்குப் போனேன். கோடு எங்கே என்று கேட்ட எல்லோரிடமும், அம்மா ஒண்டியாகச் செய்தாள் என்றே சொல்லியிருக்கிறாய். முதல் டப்பாவைத் திறந்தபோதே உனக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகும் மீதி வீடுகளுக்கு நடந்து, ஒவ்வொரு வாசலிலும் எனக்காகச் சிரித்து, என் பொய்யை உன் பொய்யாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னிடம் அதைக் கேட்டாய். நான் உன்னை ஓசூரிலிருந்து செய்து அனுப்பச் சொன்னேன். மன்னித்துக்கொள் என்பது எனக்குப் பழக்கமில்லாத வார்த்தை, ஆனாலும் எழுதுகிறேன். என்னை மன்னித்துக்கொள்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. நித்யா உன்னை ஏதாவது ஒன்றுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டால், பிடிக்காவிட்டாலும் ஒரு தடவை போய்விட்டு வா. அவள் கூப்பிடுவதை நிறுத்துகிற அளவுக்கு விடாதே. உனக்கு ஒன்று வரவில்லை என்றால் வரவில்லை என்று அவளிடம் சொல். நான் சொல்லாததால் எனக்கு ஒரு வருடம் போனது. ஒரு நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டேன். அவள் ஒன்றைச் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம் வந்தால், முதலில் உன் கையில் இருக்கும் அளவு சரியா என்று பார். இது மூன்றும் எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததில்லை. மூன்றிலும் நான் தவறியிருக்கிறேன், அதனால்தான் சொல்ல முடிகிறது.

மற்ற வீடுகளுக்கும் இந்த வாரம் போய் வந்துவிட்டேன், கையில் டப்பா இல்லாமல். போன வருடத்து உண்மையைச் சொன்னேன். இந்த வருட பிஸ்கட் இருபத்து நாலாம் தேதி வராது, என் மகன் வருகிற அன்றைக்குத்தான் வரும் என்றும் சொன்னேன். அது ஜனவரியாக இருந்தாலும் சரி, பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும் என்றாலும் சரி. தேதியில் நம்பிக்கை இல்லாதவளுக்கு இந்த ஒரு வசதி இருக்கிறது. நித்யாவுக்கு வர முடிந்தால் அவளையும் அழைத்து வா, ஒதுங்கி நின்று எண்ணி அடுக்குகிற என் வேலையை நான் அவளுக்குக் கொடுக்க மாட்டேன். டப்பா கொடுக்கப் போகும்போது நானும் உங்களோடு வருகிறேன்.

நேற்றுச் சாந்தி வாசலில் என்னைப் பார்த்து, "தம்பி என்னிக்குக்கா வருது?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். "ஏன், அது சொல்லலியா?" என்றாள்.

"நான் இன்னும் அவனக் கூப்புடவே இல்ல சாந்தி" என்றேன்.

இப்போது கூப்பிடுகிறேன்.

அம்மா